ரிசப்ஷன் மேடையில் குரூப் போட்டோ: ஓரத்தில் வெள்ளை, நடுவில் இருட்டு. லைட்டை எங்கே வைப்பது?

மண்டபத்து_மாப்ள
ஞாயிறு, இரவு 11:20

வணக்கம் தலைவர்களே. தனியா கல்யாண ஆர்டர் பிடிக்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. கேண்டிட் ஓரளவு கைக்கு வந்துடுச்சு. உதைக்கிறது ரிசப்ஷன் மேடைல எடுக்கற குடும்ப குரூப்தான்.

என் செட்டப்: கோடாக்ஸ் ஏடி200 ஃபிளாஷ் ரெண்டு, ரெண்டுக்கும் 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் (முன்னாடி மாட்டற வெள்ளைத் துணிப் பெட்டி). மேடைக்கு இடது ஓரம் ஒண்ணு, வலது ஓரம் ஒண்ணு, 45 டிகிரில உள்பக்கம் திருப்பி வைப்பேன். ஃபுல் ஃபிரேம் பாடி, 24-70 லென்ஸ். ஐஎஸ்ஓ (சென்சார் உணர்திறன்) 200, எஃப் (லென்ஸ் திறப்பு, எண் சின்னதானா திறப்பு பெரிசு) 8, ஷட்டர் 1/160.

பொண்ணு மாப்பிள்ளை மட்டும் நின்னா படம் அட்டகாசமா வருது. பதினஞ்சு இருபது பேர் ஏறிட்டா போச்சு. ஓரத்துல நிக்கற சித்தப்பா மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு, நடுவுல பின் வரிசை இருட்டு. பின்னாடி பூ டெக்கரேஷன்ல ஆளுக்கு ரெண்டு நிழல். கண்ணாடி போட்ட தாத்தாவுக்கு கண்ணே காணோம், வெறும் வெள்ளைச் சதுரம்தான்.

நடுவுல மூணாவது லைட் ஒண்ணு வாங்கிப் போடலாமா? இல்ல ரெண்டையும் வித்துட்டு ஏடி600னு பெரிய ஃபிளாஷுக்குப் போகலாமா?

ரிசப்ஷன்_எக்ஸ்பிரஸ்
ஞாயிறு, இரவு 11:41

ப்ரோ, கேமரா மேல ஒரு ஃபிளாஷ், சீலிங்ல பட்டுத் திரும்பற மாதிரி பவுன்ஸ், பவரைக் கேமராவே கணக்குப் போடற டிடிஎல். முடிஞ்சுது. குரூப்புக்கு பத்து செகண்ட்தான் குடுப்பாங்க. கீழ கியூ சாப்பாட்டு ஹால் வரைக்கும் நிக்கும்போது லைட்டை நகர்த்திட்டு இருக்க முடியாது.

மண்டபத்து_மாப்ள
ஞாயிறு, இரவு 11:48

எங்க ஏரியா மண்டபத்துல சீலிங் 25 அடிக்கு மேல ப்ரோ. அதுலயும் மரப்பலகை டிசைன். பவுன்ஸ் பண்ணா பாதி வெளிச்சம் திரும்பி வராது, வர்றதும் பிரவுன் கலர்ல வருது.

தாமிரபரணி_35எம்எம்
திங்கள், காலை 7:05

தம்பி, ஒண்ணும் வாங்காதீங்க. இருக்கிற ரெண்டு லைட்டே தாராளம். நிக்கிற இடம்தான் சரியில்ல. கணக்கோட சொல்லுதேன், ஒருதடவை பேப்பர்ல போட்டுப் பாருங்க.

வரிசை 6 மீட்டர் அகலம்னு வச்சுக்கிடுவோம். உங்க இடப்பக்க லைட்டு, ஓரத்துச் சித்தப்பாவுக்கு 2 மீட்டர்ல நிக்கி. நடுவுல நிக்கிற பொண்ணுக்கு 5 மீட்டர். மறு ஓரத்துல உள்ளவருக்கு 8 மீட்டர். வெளிச்சம் தூரத்தோட வர்க்கத்துக்குக் குறையும். அப்போ சித்தப்பாவுக்கு விழுற வெளிச்சத்துல பொண்ணுக்குப் போறது ஆறுல ஒரு பங்கு, அந்தப் பக்கத்து ஆளுக்குப் பதினாறுல ஒண்ணு. வலப்பக்க லைட்டும் சேர்ந்துதான் அடிக்குதுன்னு கேப்பீங்க. சேர்த்துக் கூட்டுனாலும் நடுவுக்குக் கிடைக்கிறது ஓரத்துக்குக் கிடைக்கிறதுல மூணுல ஒரு பங்குக்குக் கீழதான். ஒன்றே முக்கால் ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). நீங்க பார்த்த வெள்ளையும் இருட்டும் இதுதான்.

இப்போ ரெண்டு லைட்டையும் எடுத்துட்டு வந்து, கேமராவுக்குப் பின்னாடி பக்கத்துப் பக்கத்துல உயரமா நிறுத்துங்க. நடுவுல உள்ளவருக்கு 5 மீட்டர். ரெண்டு ஓரத்துல உள்ளவங்களுக்கும் 5.8 மீட்டர். அரை ஸ்டாப்கூட வித்தியாசம் வராது. ரெண்டும் ஒரே திசைல இருந்து வாரதால நிழலும் ஒண்ணாயிரும்.

சாஃப்ட்பாக்ஸக் கழட்டிட்டு 5 அடி வெள்ளைக் குடை போடுங்க. குடையோட குறி முன் வரிசை நெஞ்சுல இருக்கக் கூடாது. பின் வரிசைத் தலைக்கு நேரா தூக்கி வைங்க. முன்னால நிக்கிறவங்களுக்கு ஓர வெளிச்சம் போதும், அவங்கதான் கிட்ட இருக்காங்களே.

ஒளிவட்டம்
திங்கள், காலை 10:30

கணக்கு சரி. ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. 5 அடிக் குடையை 5 மீட்டர் தள்ளி வெச்சா அது மெத்து வெளிச்சம் இல்லை. 2 மீட்டர்ல இருக்கற 2 அடி லைட்டுக்குத்தான் சமம். முகத்துல நிழல் விளிம்பு அழுத்தமா வரும், பட்டுப் புடவை ஜரிகை பளீர்னு வெடிக்கும். நான் எடுக்கற கல்யாணங்கள்ல 7 அடிக் குடைக்குக் குறைச்சு எடுத்துட்டுப் போறதில்லை.

இன்னொண்ணு, அவ்வளவு தூரத்துல இருந்து எஃப் 8, ஐஎஸ்ஓ 200 வேணும்னா ஏடி200 ஃபுல் பவர்ல மூச்சு வாங்கும். அடுத்த ஃபிரேமுக்கு ரெடியாக ரெண்டு செகண்ட் ஆகிடும்.

தாமிரபரணி_35எம்எம்
திங்கள், காலை 11:12

ஒளிவட்டம் சார், மெத்து குறையும்ங்கிறது நிஜம். ஆனா இருபது பேர் நிக்கிற படத்துல யாரும் கன்னத்து நிழலோட விளிம்பை உத்துப் பார்க்க மாட்டாங்க. மாமா மூஞ்சி தெரியுதா, அத்தை மூஞ்சி தெரியுதான்னுதான் பார்ப்பாங்க. குரூப்புக்குச் சமமான வெளிச்சம் முதல்ல, மெத்து அப்புறம். பொண்ணு மாப்பிள்ளை தனிப் படத்துக்கு நீங்க சொல்லுததுதான் சரி, நானும் லைட்டைக் கிட்டதான் கொண்டு போவேன்.

பவர் விஷயத்துக்கு வாரேன். 2 மீட்டர்ல இருந்து 5 மீட்டருக்குத் தள்ளுனா ரெண்டரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கூட இழப்பு. ஐஎஸ்ஓவை 200ல இருந்து 800க்கு ஏத்துங்க, ரெண்டு ஸ்டாப் கிடைச்சுட்டு. எஃப் 8ஐ 5.6 ஆக்குங்க, இன்னொரு ஸ்டாப். கணக்கு நேராயிட்டு. லைட்டு பழைய பவர்லயே ஓடும். இன்னைக்குள்ள ஃபுல் ஃபிரேம்ல ஐஎஸ்ஓ 800ஐக் குறையா சொல்ல ஒண்ணுமில்ல.

மண்டபத்து_மாப்ள
திங்கள், பகல் 12:02

> எஃப் 8ஐ 5.6 ஆக்குங்க

அண்ணாச்சி, மூணு வரிசைக்கு எஃப் 8 இல்லாம பின் வரிசை சாஃப்ட் ஆகிடாதா? நான் அசிஸ்டென்டா இருந்த இடத்துல "குரூப்னா எஃப் 8, பெரிய குரூப்னா 11"னுதான் சொல்லிக் குடுத்தாங்க.

கணக்கு_வாத்தியார்
திங்கள், பகல் 1:15

ஆகாது. ஃபுல் ஃபிரேம், 35 எம்எம், எஃப் 5.6, 4 மீட்டரில் ஃபோகஸ் என்று வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் 2.6 மீட்டரிலிருந்து 8.8 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். மூன்று வரிசையின் ஆழம் ஒன்றரை மீட்டர் இருக்குமா? எஃப் 4 வைத்தால்கூட 2.9 முதல் 6.5 வரை கிடைக்கும். ஃபோகஸை முதல் வரிசையில் வைத்தால் மட்டும் பின்பக்கம் கொஞ்சம் இழுக்கும். மூன்று வரிசை என்றால் நடு வரிசையில் வையுங்கள். இரண்டு வரிசை என்றால் முன் வரிசைக் கண்ணிலேயே வைக்கலாம்.

பின் வரிசை மங்கலாக வருவதற்குப் பல நேரம் காரணம் அப்பர்ச்சர் அல்ல. 24 எம்எம்மில் எடுத்துவிட்டு ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான். 24ல் ஓரத்து ஆள் அகலமாகவும் இழுபடுவார். பெண் வீட்டுப் பெரியம்மா ஓரத்தில் நின்றிருந்தால் ஆல்பம் கொடுக்கும் அன்று உங்களுக்குத் தனிக் கச்சேரி உண்டு. பின்னால் நகர இடம் இருந்தால் 35க்குக் கீழே போகாதீர்கள்.

பழைய_ஸ்டூடியோ
திங்கள், மாலை 6:40

எல்லாரும் தூரம் பேசறீங்க, உயரத்தை யாரும் தொடலை. மண்டபத்துல பாதி வம்பு அங்கதான் இருக்கு.

கடைல கிடைக்கற சாதா ஸ்டாண்டு முழுசா ஏத்தினா 2.8 மீட்டர், அதாவது 9 அடி சொச்சம். நீங்க அதை ஹால் தரைல வெக்கறீங்க. மேடை எவ்வளவு உயரம்? மூணரை, நாலு அடி. அந்த நாலைக் கழிங்க. மேடைல நிக்கறவருக்கு உங்க லைட் அஞ்சடி உயரத்துலதான் இருக்கு, சரியா அவர் கண்ணுக்கு நேரா. அதான் தாத்தா கண்ணாடில வெள்ளைச் சதுரம். அதான் தலை நிழல் நேரா பின்னால பூ மேல போய் ஒக்காருது. நம்ம என்னமோ ஸ்டாண்டை உச்சிக்கு ஏத்திட்டோம்னு நெனச்சுக்கறோம்.

4 மீட்டர் ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்கும், எடுங்க. 13 அடி. மேடைக்குன்னு நாலைக் கழிச்சாலும் ஒம்பது நிக்கும். 5 மீட்டர் தூரத்துல அந்த உயரம் இருந்தா, டெக்கரேஷனுக்கு ஆறடி முன்னால நிக்கறவரோட நிழல் ஒன்றரை அடி கீழ எறங்கிடும். தலை நிழல் தோளுக்குப் பின்னால மறஞ்சுடும், படத்துல வராது. அந்த ஆறடி முக்கியம். நம்ம ஆளுங்க மேடை ஏறினதும் சோபாவை ஒட்டிப் பின்னாடியே போய் ஒட்டிக்குவாங்க. சோபாவை முன்கூட்டியே ரெண்டடி முன்னால இழுத்துப் போட்டுருங்க, டெக்கரேஷன்காரர் சத்தம் போட்டாலும் பரவால்ல.

அப்புறம் கண்ணாடி. லைட்டை ஏத்திட்டு நீங்க ஹால் தரைலயே நின்னு அண்ணாந்து எடுத்தா மறுபடி மாட்டுவீங்க. மேல இருந்து வர்ற வெளிச்சம் கண்ணாடில பட்டு அதே சரிவுல கீழ எறங்கும். கீழ யாரு நிக்கறது? கேமராவோட நீங்க. ஒரு கனமான டேபிள் போட்டு அது மேல ஏறி, அவங்க முகத்து மட்டத்துக்கு வந்து எடுங்க. பந்தி டேபிள் வேண்டாம், மடக்குக் கால் நழுவும்.

ஸ்டாண்டுக் காலுக்கு மணல் மூட்டை கட்டாம 13 அடி ஏத்தாதீங்க. குடை இருக்கற ஸ்டாண்டு பெடஸ்டல் ஃபேன் காத்துக்கே சாயும், கீழ குழந்தைங்க ஓடிட்டு இருக்கும்.

வீடியோ_வேலன்
திங்கள், இரவு 9:55

போட்டோ அண்ணன்மாருக்கு ஒரு வீடியோக்காரனோட வேண்டுகோள். உங்க ஃபிளாஷ் அடிக்கற நேரம் எங்க ஃபுட்டேஜ்ல பாதி ஃபிரேம் வெள்ளை, பாதி ஃபிரேம் நார்மல். சென்சார் மேல இருந்து கீழ வரி வரியா படிக்கறதால அப்படித்தான் வரும், அதை எடிட்ல தைக்க முடியாதுங்க. ஒரு குரூப்புக்கு மூணு நாலு அடி அடிச்சா போதும். பர்ஸ்ட்ல போட்டுத் தாக்காதீங்க.

லைட்டைக் கேமராவுக்குப் பின்னால கொண்டு வர்றது நல்ல ஐடியாங்க. எங்க எல்இடியையும் அதே பக்கம் வெச்சுக்கலாம். நீங்க ஓரத்துல, நாங்க நடுவுலன்னு இருக்கும்போதுதான் நிழல் நாலாகுது.

ஆனா ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6 போனா ஒரு விவகாரம் இருக்குங்க. இதுவரைக்கும் எஃப் 8, ஐஎஸ்ஓ 200ல மேடை லைட் எதுவுமே உங்க படத்துல ஏறியிருக்காது. இப்ப மூணு ஸ்டாப் கூட ஏறும். டெக்கரேஷன் பசங்க மேடை முன்னால தரைல வெச்சிருக்கற பர்ப்பிள் பார் லைட் (கலர் ஸ்பாட் லைட்) அப்படியே தாடைக்கு அடில வந்து ஒக்காரும். வெள்ளை வேட்டி ஊதா வேட்டி ஆயிடும்.

தாமிரபரணி_35எம்எம்
திங்கள், இரவு 10:20

வேலன் சொன்னது நூத்துக்கு நூறு. முகத்துல விழுந்த ஊதாவை எடிட்டிங்ல எடுக்க முடியாது. எடுக்கப் போனா தோல் சாம்பலாயிரும். அந்த வெளிச்சத்துல இருக்கிறதே நீலமும் கொஞ்சம் சிவப்பும்தான், மத்த கலர் விவரம் கோப்புலயே இல்ல. ரா ஃபைலா எடுத்தாலும் இல்லாததை எங்க இருந்து கொண்டார?

மேடைக்குப் பின்னால, மேல பார்த்து அடிக்கிற பார் லைட்டு இருக்கட்டும், படத்துக்கு அழகுதான். ஆளுகளப் பார்த்து அடிக்கிறதை மட்டும் அணைக்கச் சொல்லுங்க. ரிசப்ஷன் ஆரம்பிச்ச பிறகு போய்க் கேட்டா எவனும் கேக்க மாட்டான். சாயங்காலம் நாலு மணிக்கு பூ கட்டிட்டு இருக்கும்போதே டெக்கரேஷன்காரர்ட்ட ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசிருங்க.

மண்டபத்து மஞ்சள் லைட்டு வேற கதை. அதோட சண்டை போட வேண்டாம். ஃபிளாஷ் வாய்ல அரை சிடிஓ ஜெல், அதாவது இளம் ஆரஞ்சுக் கலர் தாள் ஒட்டுங்க. 5500 கெல்வின்ல வார வெளிச்சம் 3800 பக்கத்துக்கு இறங்கிரும். கேமரா ஒயிட் பேலன்ஸை 3900, 4000ல கையால வச்சுட்டா முகமும் சரியா இருக்கும், பின்னால ஹாலும் ஆரஞ்சாத் தெரியாது. ஜெல் அரை ஸ்டாப் பக்கம் தின்னும், அதைப் பவர்ல கூட்டிக்கிடுங்க.

மண்டபத்து_மாப்ள
செவ்வாய், காலை 8:30

எல்இடி வால் இருந்தா? இப்ப பாதி ரிசப்ஷன்ல பூவே இல்ல, பின்னாடி மொத்தமும் ஸ்கிரீன்தான். என் படத்துல அது வெளுத்துப் போய், நடுவுல கருப்புப் பட்டையா வேற வருது.

வீடியோ_வேலன்
செவ்வாய், காலை 9:10

பட்டை வர்றது ஷட்டராலங்க. ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல அணைஞ்சு எரியுது. 1/160ஐ 1/100க்கு இறக்குங்க, இல்லேன்னா 1/60. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சாதா எல்இடி பல்பும் டியூபும் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். 1/100 வெச்சா அதுக்கும் ஒத்து வரும். ஸ்கிரீன் ஆபரேட்டர்ட்ட பிரைட்னஸைப் பாதிக்கும் கீழ இறக்கச் சொல்லுங்க. அவங்க வெளிமேடைக்குன்னு வெச்ச அளவுலயே உள்ளயும் ஓட்டுவாங்க.

ஒளிவட்டம்
செவ்வாய், காலை 9:48

வெளுத்துப் போறது உங்க ஃபிளாஷ் ஸ்கிரீன் மேல விழறதால. ஸ்கிரீனோட கருப்பு, ஃபிளாஷ் பட்டா சாம்பல். இங்கயும் ஆட்களை முன்னால இழுக்கறதுதான் வழி. லைட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் தூரம் கூடக் கூட அதுல விழற வெளிச்சம் குறையும். சொல்லப்போனா, எல்இடி வால் இருக்கற நாள்ல மட்டும் நான் லைட்டைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வருவேன். 5க்குப் பதிலா மூணரை மீட்டர், குடைக்குப் பதிலா கிரிட் (வெளிச்சம் பக்கத்துல சிதறாமத் தடுக்கற கட்ட வலை) போட்ட பெரிய சாஃப்ட்பாக்ஸ். ஓரத்துல கொஞ்சம் இருட்டுறதைப் பொறுத்துக்கலாம், பின்னணி செத்துப் போனா பொறுத்துக்க முடியாது. தாமிரபரணி சார் ஒத்துக்க மாட்டார்னு தெரியும்.

ஸ்கிரீன்ல அலை அலையா மொய்ரே வந்தா, ஒரு அடி முன்னயோ பின்னயோ நகர்ந்து இன்னொண்ணு எடுங்க. பெரும்பாலும் போயிடும்.

தாமிரபரணி_35எம்எம்
செவ்வாய், காலை 10:02

ஒத்துக்க மாட்டேன்தான் :) ஓரத்துல நிக்கிறவர்தான் தாய்மாமனா இருப்பாரு.

அரிதாரம்
செவ்வாய், பகல் 2:25

நான் பிரைடல் மேக்கப் பண்றவ. படம் வெள்ளையா வந்தா மொதல்ல எங்க தலைலதான் விழுது, அதனால இதைச் சொல்லணும்.

பொண்ணு முகம் மட்டும் மாவு பூசின மாதிரி வந்து, கழுத்து கையெல்லாம் நார்மலா இருந்தா, அது சிலிகா பவுடர். இல்லேன்னா டைட்டானியம் டைஆக்சைடு இருக்கற சன்ஸ்கிரீன். கண்ணாடில பாக்கும்போது ஒண்ணும் தெரியாது. கேமராவுக்குப் பக்கத்துல இருந்து நேரா ஃபிளாஷ் அடிச்சா மட்டும் திருப்பி அடிக்கும். நீங்க லைட்டைக் கேமராவை விட்டு மேல ஏத்தினா அதுவே பாதி குறையும். மேக்கப் முடிஞ்சதும் எங்க ரூமுக்கே வந்து ஒரு ஃபிளாஷ் அடிச்சுப் பாத்துட்டுப் போங்க. அப்ப தெரிஞ்சா அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடுவேன்.

ஆனா எல்லாத்தையும் மேக்கப் மேல போடாதீங்க. பாதிப் பேர் வேணும்னேதான் ஒரு ஸ்டாப் ஏத்தி அடிக்கறீங்க, "பொண்ணு கலரா தெரியணும்"னு. குரூப்ல என்ன ஆகுது? பக்கத்துல நிக்கற அம்மா, அக்கா எல்லாரும் அவங்க அவங்க நிறத்துல இருக்க, பொண்ணு மட்டும் வேற வீட்டுப் பொண்ணு மாதிரி நிக்குது. மாநிறத்துல அழகா ஹைலைட் வெச்சிருப்பேன், மூக்குத்தண்டு, கன்ன மேடெல்லாம். ஓவர் பண்ணா அத்தனையும் காணாமப் போயிடுது.

ரிசப்ஷன்_எக்ஸ்பிரஸ்
செவ்வாய், பகல் 3:10

மேடம், நாங்களா ஏத்தறோம்? பொண்ணோட அம்மாவே ஆல்பம் டிசைன்ல ஒக்காந்து "இன்னும் கொஞ்சம் வெளுப்பா"னு கேக்கறாங்க. காசு குடுக்கறவங்க அவங்க.

பழைய_ஸ்டூடியோ
செவ்வாய், மாலை 5:30

கேக்கத்தான் செய்வாங்க. அதை எடிட்ல பண்ணிக் குடுங்க, ஷூட்ல பண்ணாதீங்க. ஷூட்ல வெடிச்சுப் போன வெள்ளைச் சட்டையும் நெத்தி விபூதியும் அப்புறம் கேட்டாலும் வராது. நான் எக்ஸ்போஷரை மாப்பிள்ளை வீட்டார் வெள்ளைச் சட்டைக்குத்தான் வெப்பேன். மடிப்பு தெரியணும். முகத்தை அப்புறம் தூக்கிக்கலாம்.

அந்தக் காலத்துல இந்தப் பேச்சே கெடையாது. யாஷிகாவுல 120 ரோல் போட்டா பன்னெண்டு படம், மெட்ஸ் 45 ஃபிளாஷ் ஒண்ணு தோள்ல, அது அடிச்சதும் தானா அடிக்கற ஸ்லேவ் வெச்ச இன்னொண்ணு உயரத்துல. வீடியோக்கு 1000 வாட் சன் கன்னைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பையன் நிப்பான். அந்தச் சூட்டுல மேக்கப் வழிஞ்சு, பொண்ணு கைக்குட்டையும் கையுமாவே நிக்கும். யார் கண்ணு மூடிச்சுன்னு பிரிண்ட் வந்தாத்தான் தெரியும்.

கணக்கு_வாத்தியார்
செவ்வாய், மாலை 6:05

கண் மூடுவதற்கும் கணக்கு இருக்கிறது ஐயா. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் குரூப் போட்டோவில் ஒருவர்கூடக் கண் மூடாத படம் கிடைக்க எத்தனை முறை எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, 2006ல் இக் நோபல் (சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்கான பரிசு) வாங்கினார்கள். இருபது பேருக்குக் குறைவான குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும், மோசமான வெளிச்சத்தில் இரண்டால். பதினைந்து பேருக்கு ஐந்து படம். வேலன் மூன்று நான்கோடு நிறுத்தச் சொல்கிறார், இருவரும் பேசி முடிவுக்கு வாருங்கள். ஃபிளாஷ் பயன்படுத்துகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். டிடிஎல்லில் படத்துக்கு முன் ஒரு சின்ன முன்மின்னல் அடிக்கும். சீக்கிரம் இமைக்கிற ஆட்கள் அதற்கே கண்ணை மூடிவிடுவார்கள். மேடையில் தூரம் மாறுவதில்லை, மேனுவலில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்கார்பரோ_ஒளி
புதன், காலை 6:50

நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன். இஞ்ச எங்கட ஆக்களின்ர கலியாணம் கூடுதலா பாங்குவற் ஹோலிலதான். மேடை ஒண்டு, ஒண்டரை அடிக்கு மேல வராது. அதால பழைய ஸ்டூடியோ ஐயா சொன்ன உயரப் பிரச்சினை எங்களுக்குக் குறைவு, சாதாரண ஸ்ராண்டே காணும். ஆனா ஆக்கள் நடக்கிற வழியில ஸ்ராண்ட் வைக்க விடாயினம்.

சுவர் வெள்ளையா இருந்தா, நான் அதுக்கு முதுகைக் காட்டி நிண்டு, ஃபிளாஷைப் பின்னுக்குத் திருப்பிச் சுவரிலயே அடிச்சு எடுப்பன். முழுச் சுவரும் ஒரு பெரிய லைற் ஆகிவிடும், இருவது பேருக்கும் வடிவாப் பரவும். சுவருக்குப் பூச்சு என்ன நிறமெண்டு முதல் பாருங்கோ. ஒருக்கா வெளிர் பச்சைச் சுவரில அடிச்ச ஒரு பெடியனைத் தெரியும், முழுக் குடும்பமும் சுகமில்லாத ஆக்கள் போல வந்திட்டுது.

மண்டபத்து_மாப்ள
வெள்ளி, காலை 11:35

நேத்து ஒரு ரிசப்ஷன். 4 மீட்டர் ஸ்டாண்டு ரெண்டும் 5 அடிக் குடை ரெண்டும் வாடகைக்கு எடுத்தேன். டேபிள் போட்டு ஏறி, லைட் ரெண்டையும் எனக்குப் பின்னாடி கொஞ்சம் வலப்பக்கமா சேர்த்து நிறுத்தினேன். ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1/100, அரை சிடிஓ, பவர் ரெண்டுலயும் 1/4. சோபாவை ரெண்டடி முன்னாடி இழுத்தாச்சு.

22 பேர் குரூப்ல ஓரத்துக்கும் நடுவுக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியல. நிழல் ஒரே ஒரு இடத்துல, அதுவும் உயரமான ஒருத்தர் பின்னாடி கம்பத்தை ஒட்டி நின்னதால. கண்ணாடில ஒருத்தருக்கு மட்டும் லேசா பளிச். தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னதும் போயிடுச்சு. பர்ப்பிள் லைட்டை டெக்கரேஷன் அண்ணன் முதல்ல அணைச்சார், மாப்பிள்ளை ஃபிரெண்ட்ஸ் டான்ஸ் ஆட வந்ததும் மறுபடி போட்டுட்டார். அந்த நாலு குரூப் கொஞ்சம் ஊதாதான்.

ஒரு குறை மட்டும். பொண்ணு போட்டிருந்த கல் நெக்லஸ், நெத்திச்சுட்டி எல்லாம் மொத்தமா டல்லடிக்குது. சாஃப்ட்பாக்ஸ்லயும் இதேதான். வீட்ல எடுத்த சாதா மொபைல் ஃபிளாஷ் படத்துல கல்லு மின்னுது, அதைக் காட்டியே கேக்கறாங்க.

பழைய_ஸ்டூடியோ
வெள்ளி, பகல் 12:10

கல்லு மின்னறதுக்குச் சின்ன, கெட்டியான வெளிச்சம் வேணும். பெரிய குடை கல்லோட ஒவ்வொரு பட்டைலயும் மொழுக்குனு ஒரே வெள்ளையாத் தெரியும், புள்ளியா ஜொலிக்காது. குடை ரெண்டும் அப்படியே இருக்கட்டும். கேமரா மேல இருக்கற ஃபிளாஷை டிஃப்யூசர் எதுவும் போடாம நேரா பார்க்க வெச்சு, 1/32ல மட்டும் சேத்து விடுங்க. முகத்துல அது தெரியாது, கல்லுல தெரியும். கண்ணுலயும் ஒரு புள்ளி வரும், நல்லாத்தான் இருக்கும்.

அரிதாரம்
வெள்ளி, பகல் 12:32

1/32க்கு மேல ஏத்திடாதீங்க, சிலிகா கதை மறுபடி ஆரம்பிக்கும். கல் செட் போட்ட பொண்ணுக்கு நான் அன்னிக்குப் பவுடரே மாத்திடறேன். என்ன நகைன்னு காலைலயே ஒரு மெசேஜ் போட்டா போதும்.

மண்டபத்து_மாப்ள
வெள்ளி, பகல் 12:40

சரிங்க மேடம், சரிங்க ஐயா. ஞாயித்துக்கிழமை காலை முகூர்த்தம், அதுலயும் குரூப் இருக்கு. ஹோமப் புகைக்கு நடுவுல முன்னால இருந்து ஃபிளாஷ் அடிச்சா புகைதான் வெள்ளையாத் தெரியுது. அதுக்கு லைட்டைப் பக்கவாட்டுக்குக் கொண்டு போனா மறுபடி ஓரத்துச் சித்தப்பா பிரச்சனைதானே?

தாமிரபரணி_35எம்எம்
வெள்ளி, பகல் 1:05

புகை இருக்கும்போது குரூப் எடுக்காதீங்க தம்பி. தாலி கட்டி, ஹோமம் அடங்கி, ஐயர் தட்சணை எண்ணுற நேரத்துல எடுங்க. புகை மேல ஏறியிருக்கும். அதுவரைக்கும் ஃபிளாஷை அணைச்சுட்டு, ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8ல மண்டபத்து வெளிச்சத்துலயே ஓட்டுங்க. முகூர்த்தத்துக்குத் தனி இழை ஒண்ணு போடுங்க, அங்க வந்து எழுதுதேன்.